5 பேர், 1 தட்டு, 3.1 ஸ்டார்: வெள்ளிமலையில் கற்ற புள்ளியியல்

இந்த முறை கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சிக்கன், கொஞ்சம் குற்ற உணர்ச்சி. பயப்படாதீங்க, கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நான் ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால் தமிழில் எங்காவது இடறினால் மன்னிச்சிடுங்க.

போன வருஷம் டிசம்பரில் நாங்கள் கிளாஸ்மேட்ஸ் ஐந்து பேர், மூன்று பைக்கில் கல்வராயன் மலைக்குப் போனோம். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக மேலே ஏறினால் வெள்ளிமலை. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மலைப்பகுதி இது. பெரியார் அருவியில் ஆட்டம் போட்டு முடித்தபோது எல்லோருக்கும் கொலைப் பசி.

மேலே டவர் சரியாகக் கிடைக்காது என்று தெரிந்து, கிளம்பும்போதே ஒரு பார்பிக்யூ கடையை மேப்பில் பார்த்து வைத்திருந்தேன். 4.8 ஸ்டார். மொத்தம் 6 ரிவ்யூ. ஐந்து பேர் 5 ஸ்டார், ஒருத்தர் 4 ஸ்டார். "4.8-டா மச்சான், கண்ண மூடிட்டுப் போலாம்" என்று சொன்னது நான்தான்.

பாதியாக அறுத்த இரும்பு ட்ரம்மில் கரி, மேலே கம்பி வலை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை. லெக் பீஸ் ஆர்டர் பண்ணினோம். கரி பற்றவே அரை மணி நேரம். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று எங்களுக்கு அவசரம். "அண்ணே, சீக்கிரம்ணே" என்று பத்து முறையாவது சொல்லியிருப்போம். வந்த சிக்கன் வெளியே கருப்பு, உள்ளே எலும்புப் பக்கம் இளஞ்சிவப்பு. பாதியை அப்படியே வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டோம்.

கோமுகி அணை பக்கம் வந்ததும் டவர் கிடைத்தது. முதலில் நான் 1 ஸ்டார் போட்டேன். எழுதியது ஒரே வார்த்தை: "வேஸ்ட்". என் ஃபோனைப் பார்த்து மற்ற நாலு பேரும் 1 ஸ்டார். சிரித்துக்கொண்டே போட்டோம். கடைப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்று கட்டுரை முடியும்போது புரியும்.

இந்த செமஸ்டர் எலெக்டிவ் மினி பிராஜெக்ட்டுக்கு "ஹோட்டல் ரிவ்யூக்களை அலசுதல்" என்று தலைப்பு எடுத்தேன். சாம்பிள் டேட்டா தேடும்போது என் பழைய ரிவ்யூ கண்ணில் பட்டது. அந்தக் கடை இப்போது 3.1 ஸ்டார். எங்களுக்குப் பிறகு ஒரு ரிவ்யூகூட வரவில்லை.

அந்த 3.1-ஐ வைத்தே பாடத்தைப் படிப்போம்.

பாடம் 1: சராசரி எதை மறைக்கிறது?

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 10 ரிவ்யூ, இரண்டுக்கும் சராசரி 4.0.

முதல் கடை: பத்து பேரும் 4 ஸ்டார்.
இரண்டாவது கடை: ஏழு பேர் 5 ஸ்டார், ஒருத்தர் 3, இரண்டு பேர் 1.

எண் ஒன்றுதான், கடை ஒன்றா? முதல் கடையில் நீங்கள் எப்போது போனாலும் சுமாருக்கு மேலே சாப்பாடு கிடைக்கும். இரண்டாவது கடையில் பெரும்பாலும் பிரமாதம், ஆனால் எப்போதாவது ஏதோ ஒன்று பெரிசாகத் தப்பிப் போகிறது. அது என்ன என்பது அந்த இரண்டு 1 ஸ்டார் ரிவ்யூவின் வார்த்தைகளில்தான் இருக்கும், சராசரியில் இருக்காது. அதனால் முதல் விதி: சராசரிக்குக் கீழே இருக்கிற பட்டைகளைப் பாருங்கள். 5-க்கு எத்தனை, 4-க்கு எத்தனை என்று ஆப்பே வரைந்து காட்டுகிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

இணைய ரிவ்யூக்களில் இந்தப் பட்டைகளுக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு. 5-ல் பெரிய மலை, 1-ல் சின்ன மேடு, நடுவில் பள்ளம். நான் ஹூ, பால் பாவ்லூ, ஜி ஜாங் ஆகிய மூவர் 2009-ல் இதைப் பற்றி எழுதினார்கள். காரணம் எளிது. ரொம்பப் பிடித்தவரும், ரொம்பக் கடுப்பானவரும்தான் டைப் பண்ண நேரம் ஒதுக்குவார்கள். "பரவால்ல, ஓகே" என்று சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பாடம் 2: யார் ஓட்டுப் போடவில்லை?

வெள்ளிமலைக்கு இது இன்னும் பொருந்தும். அந்தக் கடையில் நாங்கள் காத்திருந்த நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்து பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர்களில் யாராவது ஆப்பைத் திறந்து ஸ்டார் போட்டிருப்பார்களா? தினம் பார்க்கிற கடைக்கு யார் ரிவ்யூ எழுதுவார்கள்? நம்ம காலேஜ் வாசல் டீக்கடைக்கு நீங்கள் எழுதியிருக்கிறீர்களா?

ஆக, அந்தக் கடைக்கு ஓட்டுப் போடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முறை வந்த வெளியூர்க்காரர்கள். அதிலும் இறங்கி வந்து டவர் கிடைத்த பிறகும் கோபமோ சந்தோஷமோ மிச்சம் இருந்தவர்கள். கடையை நன்றாகத் தெரிந்தவர்களின் கருத்து அந்த எண்ணில் சேரவே இல்லை. புள்ளியியலில் இதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள். 4.8 வந்தபோதும் இந்தச் சாய்வு இருந்தது, 3.1 வந்தபோதும் இருக்கிறது. அதனால் "முன்னாடி இருந்ததுதான் உண்மை" என்றும் சொல்ல முடியாது.

பாடம் 3: எத்தனை பேர்?

6 ரிவ்யூவை நம்பி "கண்ண மூடிட்டுப் போலாம்" என்றேனே, அது தவறு நம்பர் ஒன்று. 5 ரிவ்யூவில் 5.0 வாங்கிய கடை பெரிசா, 400 ரிவ்யூவில் 4.4 வாங்கிய கடை பெரிசா? மனசு இரண்டாவதைச் சொல்கிறது. மனசு சொல்வதைக் கணக்காக்குவதுதான் பேயீசியன் சராசரி.

யோசனை இதுதான். ஒரு கடையைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது "சராசரிக் கடை மாதிரிதான் இருக்கும்" என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எல்லாக் கடைக்கும் முதலிலேயே சில கற்பனை ஓட்டுகளைப் போட்டுவிட வேண்டும். நான் 20 கற்பனை ஓட்டு, ஒவ்வொன்றும் 4 ஸ்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். (20-ம் 4-ம் என் தேர்வு. உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.)

திருத்திய சராசரி = (கடை வாங்கிய மொத்த ஸ்டார் + 80) ÷ (ரிவ்யூ எண்ணிக்கை + 20)

5 ரிவ்யூ, 5.0 கடை: (25 + 80) ÷ 25 = 4.20
400 ரிவ்யூ, 4.4 கடை: (1760 + 80) ÷ 420 = 4.38

பாருங்கள், மனசு சொன்னதுதான் வந்தது. ரிவ்யூ குறைவாக இருந்தால் கற்பனை ஓட்டுகள் கடையை நடுவுக்கு இழுத்து வைக்கும். ரிவ்யூ கூடக் கூட, கற்பனை ஓட்டுகள் கரைந்துபோய் கடையின் சொந்த எண்ணே நிற்கும். ஐஎம்டிபி தன் டாப் 250 படங்களுக்குச் சொன்ன சூத்திரமும் இதே குடும்பம்தான்.

பாடம் 4: ஐந்து பேரா, ஒரு தட்டா?

இப்போது நாங்கள் செய்த வேலைக்கு வருவோம்.

நாங்கள் போகும் முன்: 6 ரிவ்யூ, மொத்தம் 29 ஸ்டார். சாதாரண சராசரி 4.83, திருத்தியது 4.19.
நாங்கள் ஐந்து பேரும் போட்ட பின்: 11 ரிவ்யூ, 34 ஸ்டார். சாதாரண சராசரி 3.09, திருத்தியது 3.68.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஐந்து ஓட்டும் ஐந்து தனித்தனி அனுபவமா? ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தணல், ஒரே தட்டு. ப்ராபபிலிட்டி வகுப்பில் "சார்பற்ற நிகழ்வுகள்" என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கே இல்லை. ஒரு காயினை ஒரு தடவை சுண்டிவிட்டு, விழுந்த பூவை ஐந்து பேர் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு "ஐந்து முறை பூ விழுந்தது" என்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தோம்.

எங்களை ஒரு ஓட்டாகக் கணக்கிட்டால்: 7 ரிவ்யூ, 30 ஸ்டார். சாதாரண சராசரி 4.29, திருத்தியது 4.07.

ஒரு மோசமான தட்டுக்கு அந்தக் கடை 4.83-லிருந்து 4.29-க்கு இறங்கியிருக்கலாம், அது நியாயமான அடி. நாங்கள் கொடுத்தது 3.09. இடையில் இருக்கிற 1.2 ஸ்டார் சிக்கனால் போனதில்லை, எங்கள் கும்பலால் போனது.

முதல் ஓட்டு அடுத்த ஓட்டை இழுக்கும் என்பதற்கும் சோதனை இருக்கிறது. முச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. ஒரு செய்தித் தளத்தில் சில கமெண்ட்களுக்கு, எதையும் பார்க்காமல் குலுக்கல் முறையில், ஒரு பாசிட்டிவ் ஓட்டை முதலிலேயே போட்டுவிட்டார்கள். அந்தக் கமெண்ட்களின் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறிவிட்டது! நெகட்டிவ் ஓட்டு போட்டபோது மட்டும் மற்றவர்கள் வந்து அதைச் சரி பண்ணிவிட்டார்கள். அங்கே சரி பண்ணக் கூட்டம் இருந்தது. மலை மேலே 6 ரிவ்யூ இருக்கிற கடைக்கு யார் வந்து சரி பண்ணுவது?

பாடம் 5: ஒரு ஸ்டாருக்கு என்ன விலை?

"போடா, ஸ்டார்ல என்ன இருக்கு" என்று என் ரூம்மேட் கேட்டான். இருக்கிறது.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர ஹோட்டல்களின் வருமானத்தையும் 'யெல்ப்' தள ஸ்டார்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். 2011-ல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. இதில் முக்கியமான விஷயம், இந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிந்தது, செயின் ஹோட்டல்களில் தெரியவில்லை. ஆண்டர்சன், மக்ரூடர் இருவரும் 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவைப் பற்றி எழுதினார்கள். அப்போது அந்தத் தளம் சராசரியை அரை ஸ்டாருக்கு ரவுண்ட் பண்ணியது. 3.24 என்றால் 3, 3.26 என்றால் 3.5. சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த அரை ஸ்டார் கூடிய கடைகளில் முன்பதிவு மேசைகள் தீர்ந்துபோகும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளி கூடியது.

அமெரிக்க எண்ணை அப்படியே கல்வராயன் மலைக்குத் தூக்கி வர முடியாது. ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும். பார்பிக்யூ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பார்பிக்யூ நேஷன் மாதிரி இடங்கள். 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின், மேசையிலேயே கிரில், கூடவே பஃபே. அதன் ஏதோ ஒரு கிளைக்கு ஸ்டார் குறைந்தாலும் நமக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும், பெயரே சொல்லிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிக் கடைக்குப் பெயர் கிடையாது. வெளியூர்க்காரனுக்கு அதைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அந்த எண்தான்.

பாடம் 6: "வேஸ்ட்" என்றால் என்ன?

என் ஒற்றை வார்த்தை ரிவ்யூவைப் படித்து அந்த அண்ணன் எதைத் திருத்த முடியும்? காரத்தையா, விலையையா, நாற்காலியையா? சாப்பிட்டவர் சொல்லும் குறைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். நம்மால் அதைக் கொஞ்சமாவது யூகிக்க முடியும், நாம் இன்ஜினியர்கள்தானே.

"ரொம்ப லேட்": கரி பற்றியவுடன் சுடக் கூடாது. சுடர் அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சூடு சீராக இருக்கும். முன்கூட்டியே கரி போட்டு வைக்கிற அளவுக்குக் கூட்டம் இல்லாத கடையில், அந்த நேரம் நம் தலையில்தான் விழும்.

"வெளியே கருகல், உள்ளே வேகல": வெளிப்பக்கம் சிவக்க 140 டிகிரி செல்சியஸ் அளவு சூடு போதும், அது சீக்கிரமே வந்துவிடும். உள்ளே சூடு போக நேரம் ஆகும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் ஃபூரியர் நம்பர் படித்தோமே, அதன்படி தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. போன்லெஸ் துண்டுக்கும் முழு லெக் பீஸுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தணலை அதிகமாக்கினால் வெளியே கருகுமே தவிர உள்ளே அந்த அளவுக்கு வேகமாக வேகாது. நாங்கள் "சீக்கிரம்ணே" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவரை இந்தத் தப்பைச் செய்யத் தள்ளியிருக்கிறோம்.

"எலும்புப் பக்கம் சிவப்பு": சிக்கனின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் பாதுகாப்பு என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. அதே துறை இன்னொன்றும் சொல்கிறது. இளம் கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த கறியும் எலும்போரம் சிவப்பாக இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் சிக்கன் வெந்திருந்ததா என்று கண்டுபிடிக்க எங்களிடம் தெர்மாமீட்டர் இல்லை.

இதைச் சொல்வதால் "குறையே சொல்லாதீங்க" என்று அர்த்தமில்லை. வேகாத சிக்கனில் சால்மோனெல்லா இருக்கலாம், அது விளையாட்டில்லை. உடம்புக்கு ஆகாத விஷயம் என்றால் கடையிலேயே சொல்லுங்கள், தேவைப்பட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் கொடுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

பாடம் 7: எழுதாத கையும் பொய்க் கையும்

பொய் ரிவ்யூ பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுக் கொட்டகையை ஹோட்டல் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை வைத்துப் பொய் ரிவ்யூ போட்டு, லண்டனின் நம்பர் ஒன் ரெஸ்டாரண்ட்டாக ஏற்றிவிட்டார். அங்கே ஒரு தட்டுச் சாப்பாடுகூட விற்றதில்லை! நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்று இணைய ரிவ்யூக்களுக்கே ஒரு தரம் கொண்டு வந்தது. ரிவ்யூவை எப்படிச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்று சொல்கிறது.

நாங்கள் பொய் எழுதவில்லை. ஆனால் எண்ணளவில் பார்த்தால், ஒரே அனுபவத்துக்கு ஐந்து ஓட்டு என்பது நாலு ஓட்டு கூடுதல்.

திரும்பிப் போனது

பிராஜெக்ட் முடித்த வாரம், ஒரு சனிக்கிழமை, அந்த ஐவரில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு திரும்ப வெள்ளிமலை போனேன். கடை இருந்தது. அதே ட்ரம், அதே அண்ணன்.

"இப்ப சனி, ஞாயிறு மட்டும்தான் கரி போடறேன் தம்பி. வெளியூர் ஆளுங்க கம்மியாயிட்டாங்க" என்றார்.

அது எங்களால்தான் என்று சொல்ல என்னிடம் டேட்டா இல்லை. மழை, ரோடு, சீசன் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனாலும் தொண்டையில் ஏதோ அடைத்தது. ரிவ்யூ போட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்தினீங்களே, அந்தப் பசங்களா? வேகலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொருக்கா சுட்டுக் குடுத்திருப்பேனே தம்பி."

அன்றைக்கு அவசரப்படுத்தாமல் காத்திருந்தோம். ஐம்பது நிமிஷம் ஆனது. லெக் பீஸில் ஆழமாகக் கீறல் போட்டிருந்தார், உள்ளே எலும்பு வரைக்கும் வெந்திருந்தது. உப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் தூக்கல்.

கீழே வந்து என் ரிவ்யூவைத் திருத்தினேன். இப்போது இப்படி இருக்கிறது:

"இரண்டு முறை சாப்பிட்டேன். டிசம்பரில் நாங்கள் அவசரப்படுத்தினோம், லெக் பீஸ் வெளியே கருகி, உள்ளே சரியாக வேகாத மாதிரி இருந்தது. இந்த முறை 50 நிமிஷம் காத்திருந்தோம், நன்றாக வெந்திருந்தது, உப்பு சற்று அதிகம். கரி சனி, ஞாயிறு மட்டும். நேரம் இருந்தால் போங்கள். 4 ஸ்டார்."

மற்ற நாலு பேரிடமும் கேட்டேன். கூட வந்தவன், தனியாக எழுதத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று தன்னுடையதை நீக்கிவிட்டான். இன்னும் இரண்டு பேரும் நீக்கினார்கள். ஒருவன் "நான் சாப்பிட்டது நல்லா இல்ல, அது உண்மைதானே" என்று அப்படியே வைத்திருக்கிறான். அதுவும் நியாயம்தான், ஒரு தட்டுக்கு ஒரு ஓட்டு. இப்போதைய கணக்கு: 8 ரிவ்யூ, 34 ஸ்டார். சாதாரண சராசரி 4.25, திருத்தியது 4.07.

கடைப் பெயர் சொல்லாத காரணம் இப்போது புரிந்திருக்கும். இதைப் படித்துவிட்டு நீங்கள் நூறு பேர், சாப்பிடாமலேயே, பாசத்தில் 5 ஸ்டார் போட்டால் அதுவும் அதே தப்புதான்.

வீட்டுப்பாடம்: உங்கள் ஊரில் 20 ரிவ்யூவுக்குக் குறைவான ஒரு சின்னக் கடையை எடுங்கள். (1) பட்டைகளை வரையுங்கள். (2) 20 கற்பனை ஓட்டு சேர்த்துத் திருத்திய சராசரி போடுங்கள். (3) ஒரே நாளில், ஒரே மாதிரி வந்த ரிவ்யூக்களை ஒரு ஓட்டாக்கி மறுபடி போடுங்கள். (4) போய்ச் சாப்பிட்டுவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, எவ்வளவு நேரம் ஆனது, எது சரியில்லை என்று நாலு வரி எழுதுங்கள். குறை இருந்தால் முதலில் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!